முளைத் தானியமும் நுரைப் பானமும்



சில மாதங்களுக்கு முன்னர் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னுடைய பழைய மாணவர்; கரடியனாற்று வயல்வெளியிலே பிறந்து வளர்ந்து, போர்க்காலத்தில் நாடு விட்டுச் சென்றவர்; இப்பொழுது தலை நரைக்கத் தொடங்கிய குடும்பத்தர். வீட்டு நலங்களையெல்லாம் எழுதிய பின்னர், ஓய்வு நாட்களில் தாம் பழகிவரும் ஒரு கைவேலையைப் பற்றிச் சற்றே கூச்சத்துடன் அவர் குறிப்பிட்டிருந்தார். முளைத்த பார்லித் தானியத்தை வாங்கி, வீட்டுச் சமையலறையிலேயே ஐந்து லீற்றர் அளவில் பியர் என்னும் பானத்தை ஆக்குகின்றாராம். அங்கே சொந்த உபயோகத்துக்காக அவ்வாறு செய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. செய்முறை முழுவதையும் விரிவாக எழுதிவிட்டு, முடிவிலே, "ஐயா, அன்று வகுப்பிலே நான் கேட்ட கேள்விக்கு விடை இப்போதுதான் எனக்குக் கிடைத்தது" என்று முடித்திருந்தார்.

அந்தக் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. நான் அப்பொழுது இளம் ஆசிரியன், தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெரும்போக விதைப்புக் காலம். உழவைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சிறுவர் எழுந்து, "ஐயா, விதைநெல்லைச் சாக்கிலே முளைகட்டினால் அந்த முளைநெல் மட்டும் ஏன் இனிக்கிறது? அதைக் கசிப்புக்கும் போடலாம் என்று சொல்கிறார்களே, மெய்யா?" என்று கேட்டார். கசிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. நான் கண்டிப்பான குரலில், "உட்கார்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஒழுக்கத்தைக் காப்பதற்காகவே அவரை உட்காரச் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. முளைநெல் ஏன் இனிக்கின்றது என்பது எனக்குத் தெரியாது. தெரியாமையை மறைக்கக் கோபம் உதவியது. அன்று சொல்லாத விடையை இன்று, அந்த மாணவரின் கடிதத்தைத் துணையாகக் கொண்டும், எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டும், உங்கள் முன்னிலையிலே சொல்ல விரும்புகின்றேன்.

முதலிலே நமது வயலுக்கு வருவோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்திலே, உன்னிச்சைக் குளத்து நீரையும் உறுகாமக் குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பி வாழும் உழவர்கள் விதைநெல்லை எவ்வாறு ஆயத்தம் செய்கின்றார்கள் என்பது நேயர்கள் பலருக்குத் தெரிந்ததே. நெல்லைச் சாக்கிலே கட்டி ஒரு நாள் நீரில் ஊறவைப்பார்கள். பின்பு நீரை வடித்து, வெப்பம் வெளியேறாதபடி மூடி, ஒன்றிரண்டு நாட்கள் வைப்பார்கள். சாக்கின் உள்ளே கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும். வெண்மையான முளை தலை காட்டியதும் சேற்று வயலிலே வீசி விதைப்பார்கள்.

அந்தச் சாக்கினுள்ளே நிகழ்வது என்ன? நெல்மணி என்பது ஒரு தாய் தன் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போன்றது. ஓரத்திலே மிகச் சிறிய முளைக்கரு இருக்கின்றது. மீதி முழுவதும் அதற்கான உணவு. அந்த உணவு மாப்பொருளாக இருக்கின்றது. மாப்பொருள் என்பது குளுக்கோசு என்னும் வெல்ல மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொருள். சங்கிலியாக இருக்கும்வரை அது நீரிற் கரையாது, இனிக்காது, கெட்டுப்போகாது. களஞ்சியத்திலே நெடுங்காலம் இருப்பதற்கு அதுவே ஏற்ற வடிவம். ஆனால் இளமுளையினால் அதனை அப்படியே உண்ண முடியாது. ஆகவே ஈரமும் சூடும் கிடைத்ததும் முளைக்கரு விழித்துக்கொண்டு, விதையின் உட்புறப் படையிலே சில நொதியங்களைச் சுரக்கச் செய்கின்றது. அமைலேசு என்னும் அந்த நொதியங்கள் மாப்பொருட் சங்கிலியை அறுத்து வெல்லமாக்குகின்றன. முளைநெல் இனிப்பதற்குக் காரணம் இதுவே. குழந்தைக்கு வைத்த சோற்றைக் குழந்தையே பிசைந்துகொள்கின்றது என்று சொல்லலாம்.

இந்த நொதியத்தை முதன்முதலிற் பிரித்துக் காட்டியவர்கள் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பாயன், பெர்சோ என்னும் இருவர். முளைத்த பார்லியை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றிலிருந்து 1833 ஆம் ஆண்டில் அதனை வேறாக்கினர். உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியம் இதுவே. ஆனால் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, காரணம் தெரியாமலே, மனிதன் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டான்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நமது கள்ளுக்கு முளை வேண்டியதில்லை. தென்னம்பாளையிலிருந்து வடியும் நீரிலே வெல்லம் ஏற்கனவே கரைந்திருக்கின்றது. முட்டியிலும் காற்றிலும் இருக்கும் நுண்ணங்கிகள் வடிந்த கணமே அதனைப் பற்றிக்கொள்கின்றன. காலையில் இனித்தது மாலையிற் புளித்துவிடுகின்றது. பாளையுள்ள நாட்டிலே நொதித்தல் என்பது இயற்கை தானே செய்யும் காரியம். தென்னையும் பனையும் இல்லாத நாடுகள் பலவற்றிலே மக்களுக்குக் கிடைத்ததோ தானியம். தானியத்திலோ இனிப்புப் பூட்டப்பட்டிருக்கின்றது. பூட்டைத் திறக்கும் திறவுகோல் முளையிலே இருக்கின்றது என்று அவர்கள் கண்டுகொண்டதே பியரின் தொடக்கம்.

பார்லியை அவர்கள் இரண்டு நாட்கள் அளவில் இடையிடையே நீரில் ஊறவைப்பர். மணியின் ஈரம் நூற்றுக்கு 45 வீதம் அளவிற்கு ஏறியதும், குளிர்ந்த இடத்திலே பரப்பி நான்கைந்து நாட்கள் முளைக்க விடுவர். முளை முழுச் செடியாக வளர்ந்துவிட்டால் வெல்லத்தையெல்லாம் அதுவே உண்டு தீர்த்துவிடும். ஆகவே நொதியம் நிறைந்து, மாப்பொருளும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் தருணம் பார்த்து, சூட்டுக் காற்றிலே உலர்த்தி முளையின் வளர்ச்சியை நிறுத்துவர். தொடக்கத்தில் இளஞ்சூடு, முடிவிலே 80 பாகை செல்சியசு அளவில். நன்றாக உலர்ந்த பின்னரே சூட்டை ஏற்றுவதால் நொதியம் சாவதில்லை, உறங்கிக் கிடக்கின்றது. இவ்வாறு உலர்த்தப்பட்ட முளைத் தானியத்தையே ‘மோல்ட்’ என்கின்றனர். கூடுதலாக வறுத்தால் நிறமும் கறுக்கும், மணமும் மாறும். கறுப்புப் பியரின் நிறம் இந்த வறுவலால் வருவதே.

நமது மாணவர் இந்த முளைப் பார்லியைக் கடையிலே வாங்குகின்றார். ஐந்து லீற்றர் பானத்துக்கு ஒன்றேகால் கிலோகிராம் போதுமாம். அதனை மாவாக அரைப்பதில்லை. உமி சிதையாதபடி மணியை மட்டும் உடைக்கின்றார். உமியே பின்னர் வடிகட்டியாகப் பயன்படும். ஏறத்தாழ நான்கு லீற்றர் சுடுநீரிலே அந்த உடைத்த தானியத்தைக் கொட்டிக் கிளறி, 66 பாகை அளவில் ஒரு மணி நேரம் சூடு குறையாமற் போர்த்து வைக்கின்றார். உறங்கிக் கிடந்த நொதியம் இப்பொழுது மீண்டும் எழுந்து, எஞ்சியிருந்த மாப்பொருள் முழுவதையும் உடைக்கின்றது. அதிலே பிறக்கும் வெல்லத்திற் பெரும்பகுதி மோற்றோசு என்பது.

வெப்பநிலையிலேதான் இந்தக் கைவேலையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. மாப்பொருளை வெட்டும் நொதியங்கள் இரண்டு வகை. ஒன்று சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக வெட்டுவது. அதற்கு 60 பாகையை அடுத்த வெப்பம் பிடிக்கும். மற்றது சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டுவது. அது 70 பாகையை அடுத்தும் தளராது. வெப்பம் சிறிது குறைவாயின் எளிய வெல்லம் மிகுந்து, அது முழுவதும் நொதித்துப் பானம் மெலிதாகும். வெப்பம் சிறிது கூடுமாயின் நொதிக்காத துண்டுகள் மிகுந்து பானம் கனமாகும். 80 பாகைக்கு மேற் போய்விட்டால் நொதியம் இறந்து, கஞ்சியே மிஞ்சும். "வெப்பமானி இல்லாமல் முதன்முறை செய்து கஞ்சிதான் குடித்தேன்" என்று அவர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன்.

பின்னர் அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, எஞ்சிய சக்கையின் மீது மேலும் நான்கு லீற்றர் சுடுநீரை மெல்ல ஊற்றி, ஒட்டியிருக்கும் இனிப்பையும் கழுவிச் சேர்க்கின்றார். சக்கை வீணாவதில்லை, உலகெங்கும் அது மாட்டுத் தீனியாகப் போகின்றது. வடித்த நீர் ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். இங்கேதான் ஹொப் என்னும் பூ வருகின்றது.

ஹொப் நமக்குப் பழக்கமில்லாத தாவரம். கஞ்சா இனத்தின் உறவுச் செடியாயினும் அதன் மயக்கம் இதற்கில்லை. கொழுகொம்பைச் சுற்றி ஆறேழு மீற்றர் உயரம் ஏறும் கொடி. அதன் பெண்பூக்கள் செதில் செதிலாக அடுக்கிய சிறு கூம்புகள் போலிருக்கும். செதில்களின் அடியிலே மஞ்சள் நிறத் துகள்கள் உண்டு. கைப்புத் தரும் பிசினும் மணம் தரும் எண்ணெயும் அத்துகள்களில் இருக்கின்றன. கோடையிலே நீண்ட பகலும் மாரியிலே கடுங்குளிரும் வேண்டும் கொடி ஆதலால் நமது நாட்டுக்கு அது ஏற்றதன்று. இந்தியாவிலே இமாலயப் பகுதியைச் சேர்ந்த லாகூல் பள்ளத்தாக்கில் அதனைப் பயிரிட்டிருக்கின்றனர்.

பியரிலே ஹொப் சேர்ப்பது தொடக்க காலத்து வழக்கமன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் பல்வேறு மூலிகைகளைச் சேர்த்து வந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டிகார்ட் என்னும் ஜெர்மானியத் துறவி, ஹொப் சேர்த்த பானம் கெடாமல் இருக்கும் தன்மையைக் குறித்திருக்கின்றார். 1516 ஆம் ஆண்டில் பவேரியா நாட்டு ஆட்சியாளர், பியருக்குப் பார்லியும் நீரும் ஹொப்பும் அன்றி வேறெதுவும் சேர்க்கலாகாது என்று ஆணையிட்டனர். அந்த ஆணையிலே நொதிக்கச் செய்யும் மதுவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படி ஓர் உயிர் இருப்பதையே அன்று எவரும் அறிந்திலர்.

ஹொப்பின் இரண்டு குணங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. கைப்புத் தரும் பிசின் நீரில் எளிதிற் கரையாது. நெடுநேரம் கொதித்தால் அதன் கட்டமைப்பு மாறி அப்பொழுதே கரையும். மணம் தரும் எண்ணெயோ கொதிக்கும்போது ஆவியோடு பறந்துவிடும். நமது வீட்டிலே கறிக்கு வாசனைப் பொருட்களை எப்பொழுது இடுவது என்று பெண்கள் பார்ப்பதில்லையா? கருவாப்பட்டையை முதலிலேயே இடுவார்கள். கொத்தமல்லித் தழையை இறக்கும் தறுவாயிலே தூவுவார்கள். இங்கும் அதே முறைதான். மாணவர் கைப்புக்காகப் பத்துக் கிராம் ஹொப்பைக் கொதி தொடங்கும்போதே இடுகின்றார். மணத்துக்காகப் பதினைந்து கிராம் இறக்குவதற்குச் சற்று முன்னும், மேலும் சிறிது நொதிப்பு அடங்கிய பின்னும் சேர்க்கின்றார். ஹொப் மிகுந்த பானத்தை விரும்புவோர் இவ்வாறே செய்வார்களாம்.

இத்தகைய ஹொப் மிகுந்த பியருக்கு நமது பகுதியோடு ஒரு சரித்திரத் தொடர்பும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் நகரின் கிழக்கே போ என்னுமிடத்தில் ஹொட்சன் என்பவரின் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பற் தலைவர்கள் அங்கிருந்து ஹொப் மிகுந்த பியரை வாங்கி இந்தியாவிலுள்ள வெள்ளையருக்கு விற்றனர். வெப்ப மண்டலத்தைக் கடந்து பல மாதங்கள் ஓடும் கப்பலிலே பானம் புளிக்காமற் காப்பதற்கு ஹொப்பின் கைப்பு உதவியது. சில வகைப் பற்றீரியாக்களை அது வளரவிடாது. 1820களில் பேர்ட்டன் நகரத்து ஆலைகளும் இவ்வியாபாரத்தில் இறங்கின. கல்சியம் சல்பேற்று மிகுந்த அந்நகரத்து நீர் இப்பானத்துக்கு மிகப் பொருந்தியது. ‘இந்தியா’ என்ற பெயருடன் ஒரு வகைப் பியர் இன்றும் உலகெங்கும் வழங்குவது இதனால்தான். நமது இலங்கையிலும் நுவரெலியாக் குளிர்மலையிலே 1881 ஆம் ஆண்டில் ஒரு பியர் ஆலை எழுந்தது. பார்லியும் ஹொப்பும் கடல் கடந்து வந்தன. குளிர்ந்த மலைநீர் மட்டுமே நம்முடையது.

கொதித்த நீரை விரைவாக ஆறவைத்து, 20 பாகை அளவில் மதுவத்தைத் தூவுகின்றார் நமது மாணவர். மூன்று நான்கு கிராம் போதும். மதுவம் என்பது பாண் பொங்குவதற்கு வெதுப்பகத்தார் இடும் அதே இனத்து நுண்ணுயிர். பங்கசு வகுப்பைச் சேர்ந்தது. வெல்லத்தை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுவது அதன் இயல்பு. பாணிலே அந்த வாயுவை வைத்துக்கொண்டு மதுசாரத்தை அடுப்பிலே போக்கிவிடுகின்றோம். பியரிலோ இரண்டும் தங்குகின்றன. ஒரு நாளைக்குள் நுரை எழும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் அடங்கும். பின்பு சிறிதளவு வெல்லத்துடன் போத்தலில் அடைத்து இரண்டு வாரம் வைக்கும்போது, மீண்டும் சிறிது நொதித்து, வாயு உள்ளேயே கரைந்துகொள்கின்றது. வெல்லம் அளவுக்கு மிஞ்சினால் போத்தல் வெடிக்கும். முடிவிலே நூற்றுக்கு ஐந்து வீதம் அளவில் மதுசாரம் இருக்கும்.

இந்த வேலையிலே பெரும்பகுதி கழுவுவதுதான் என்று அவர் எழுதுகின்றார். கொதித்து ஆறிய இனிப்பு நீர் எல்லா நுண்ணுயிருக்கும் விருந்து. பாத்திரத்தில் அழுக்கு ஒட்டியிருந்தால் மதுவத்துக்கு முன்னரே பற்றீரியாக்கள் பந்தியில் அமர்ந்துவிடும். நமது தாய்மார் எருமைத் தயிர் உறையூற்றும் சட்டியைக் கழுவி வெயிலிலே காயவைப்பதும் இதே காரணத்தினால்தான்.

இந்தப் பானத்தை ஆராயப் புகுந்தவர்கள் கண்டவை பானத்தோடு நின்றுவிடவில்லை. நொதித்தல் உயிருள்ள மதுவத்தின் செயல் என்று நிறுவிய லூயி பாஸ்டர், பியரைப் பற்றிய தமது ஆராய்ச்சி நூலை 1876 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பானத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைக் கண்ட கண்களே பின்னர் நோய் செய்யும் நுண்ணுயிர்களையும் தேடின. 1883 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் பியர் ஆலை ஆய்வுகூடம் ஒன்றிலே ஹன்சன் என்பவர் கலப்பற்ற தனி மதுவத்தை வளர்த்தெடுத்தார். 1897 இல் புக்னர், மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாறும் நொதிக்கச் செய்யும் என்று காட்டி உயிர் இரசாயனவியலுக்கு வழி திறந்தார். நமது மாணவர்கள் இன்று அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் ‘பீஎச்’ அளவுகோலும், 1909 இல் அதே டென்மார்க் ஆய்வுகூடத்திலே சோரன்சன் என்பவர் வகுத்ததே. புள்ளிவிவரவியலிலே ‘ஸ்ருடென்ற்’ பரிசோதனை என்று படிக்கின்றோமே, அதனை 1908 இல் வெளியிட்ட கொசெற் என்பவர் அயர்லாந்திலே ஒரு பியர் ஆலையின் அலுவலர். மாணவன் என்று பொருள்படும் புனைபெயரில் அவர் எழுதியதால் அப்பெயர் நிலைத்தது.

அந்நியர் சரித்திரத்தை மட்டும் சொல்லிவிட்டால் தமிழாசிரியனாகிய எனக்கு மனம் அமையாது. தானியத்திலிருந்து வீட்டிலே பானம் ஆக்கும் கலையைத் தமிழரும் அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். அதில், வலைஞர் குடியிருப்பிலே ஆக்கும் பானம் ஒன்றின் செய்முறையை அவர் சில அடிகளிலே முறைப்படி சொல்கின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டிலே ஊற்றி ஆற்றுகின்றனர். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்ல அடையை அதிலே கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றனர். சாடியிலே முதிரவைத்து, வெந்நீர் கூட்டி, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கின்றனர். நெல்லால் வீட்டிலே ஆக்கும் கள்ளுக்குத் ‘தோப்பி’ என்ற பெயரும் அந்நூலிலே வருகின்றது.

அந்த ‘அடை’ என்பது நெல்முளையால் ஆனது என்று கொள்ளும் உரை உண்டு. இப்பகுதியை நான் பல முறை பாடம் சொல்லியிருக்கின்றேன். சொற்பொருள் சொன்னேன், இலக்கணம் சொன்னேன். களியை ஆற்றிய பின்னரே அடையை ஏன் கலக்க வேண்டும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மாணவரின் கடிதத்தைப் படித்தபோதே விளங்கிற்று. அரிசியின் மாப்பொருள் பார்லியினதைவிடக் கூடிய வெப்பத்திலேதான் இளகும். ஆகவே முதலிலே களியாகக் காய்ச்ச வேண்டும். கொதிக்கும் களியிலே முளையைக் கலந்தால் நொதியம் இறந்துவிடும். ஆகவே ஆற்ற வேண்டும். புலவர் ஒரு சொல்லையும் வீணாகச் சொல்லவில்லை, நான்தான் படிக்கவில்லை. காரைதீவிலே 1892 இல் தோன்றிய சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானமும் கற்றுச் சங்கத் தமிழும் கற்று, இரண்டையும் ஒரு கண்ணாலே நோக்கினார். அந்த நோக்கை அவர் பிறந்த மண்ணிலே ஆசிரியத் தொழில் செய்யும் நாங்கள் கைவிடலாகாது.

நேயர்களே, இப்பொழுது கசிப்பைப் பற்றிய அந்தச் சிறுவரின் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். நொதித்தல் வேறு, வடித்தல் வேறு. நொதித்த நீரிலே மதுசாரம் ஓரளவுக்கு மேல் ஏறாது. ஏறினால் மதுவமே மயங்கி நின்றுவிடும். அந்த நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துத் திரட்டும்போதே கடுஞ்சாராயம் பிறக்கின்றது. காட்டோரத்திலே, கண்ட தகரத்திலே, கண்டதையெல்லாம் இட்டு மறைவாகக் காய்ச்சும் கசிப்பிலே என்ன இருக்கின்றது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. தொழிற்சாலைக்குரிய மெதனோல் அதிலே கலக்கப்படுமாயின் கண் போகும், உயிரும் போகும். முளைநெல்லைப் போடலாமா என்றால், போடலாம். மாப்பொருளும் வெல்லமும் உள்ள எதனையும் போடலாம். ஆனால் அங்கே அழிவது நெல் மாத்திரம் அன்று.

இதனை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வரவுப் பதிவேட்டிலே ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே இடைவிடாது வராமை குறிக்கப்படும்போது வீடு தேடிச் சென்றிருக்கின்றேன். அறுவடைக் காசு எங்கே போயிற்று என்று தாய் சொல்லமாட்டார், தலையைக் குனிவார். பாடசாலைக்கு வரவேண்டிய பிள்ளை பிறர் வயலிலே களை பிடுங்கும். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியதன் பொருளை இத்தகைய வீடுகளின் திண்ணைகளிலே நான் கற்றேன். மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது 1988 ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் வகைப்படுத்தப்பட்டது. தீங்கற்ற அளவு என்று ஓர் அளவும் இல்லை என்று அந்நிறுவனம் 2023 இல் அறிவித்தது. வீட்டிலே ஆக்கினாலும் ஆலையிலே ஆக்கினாலும் மதுசாரம் ஒன்றே.

சட்டத்தையும் சொல்லிவிடுவது கடமை. பிரித்தானியாவிலே வீட்டிற் பியர் ஆக்குவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1963 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவிலே 1978 இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. நமது நாட்டிலோ 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் ஆக்குதல் குற்றம். ஆகவே நான் சொன்னவற்றை எவரும் இங்கே செய்து பார்க்க முற்படலாகாது.

அப்படியாயின் இதனை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வாய் மூடியதால் கரடியனாற்றிலே ஒருவரேனும் குடியை விட்டாரா? இல்லை. ஒரு பிள்ளையின் அறிவு மட்டும் தடைப்பட்டு நின்றது. நெருப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதனால் வீடு தீயிலிருந்து தப்புவதில்லை. நன்மை எங்கே முடிகின்றது, தீமை எங்கே தொடங்குகின்றது என்று காட்டிக்கொடுப்பதே கல்வியின் தொழில்.

அந்த எல்லையைக் காட்டுவதற்கு, மதுசாரம் ஒரு துளியும் இல்லாத ஒரு பரிசோதனையை எங்கள் பாடசாலையிலே அண்மையில் நடத்தினோம். அரிசி மாக் கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சி, இரண்டு குவளைகளில் ஊற்றி, கை பொறுக்காத சூடாக, 65 பாகை அளவிற்கு ஆறவிட்டோம். ஒன்றிலே முளைகட்டி உலர்த்தி இடித்த குரக்கன் மாவை ஒரு தேக்கரண்டி கலந்தோம். மற்றதை அப்படியே விட்டோம். அரை மணி நேரம் சூடு குறையாமல் வைத்திருந்தோம். குரக்கன் முளை சேர்ந்த கஞ்சி சிறிது நேரத்திலேயே நீர்போல இளகிவிட்டது. பின்பு இரண்டிலிருந்தும் சிறிது எடுத்துத் தனித்தனியே அயடீன் துளி இட்டோம். சும்மா வைத்த கஞ்சி கருநீலமாயிற்று. முளை சேர்ந்ததில் அந்த நீலம் பெரிதும் மங்கிவிட்டது. மாப்பொருள் வெல்லமாகிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் கண்ணாலே கண்டார்கள். ஒரு சிறுமி, "அப்படியானால் முளைக்குரக்கன் கஞ்சியை அம்மா தம்பிக்குக் கொடுப்பது இதற்காகத்தானா?" என்று கேட்டாள்.

ஆம், இதற்காகத்தான். பால்குடி மறக்கும் குழந்தையின் வயிறு சிறியது. தடித்த கஞ்சியை அது விழுங்காது. நீர்த்த கஞ்சியிலோ சத்துப் போதாது. தடிப்பாகக் காய்ச்சிய கஞ்சியிலே முளைத் தானிய மாவைச் சிறிது சேர்த்தால், சத்துக் குறையாமலே கஞ்சி இளகுகின்றது. இளகிய பின் ஒருமுறை மீண்டும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுப்பது நல்லது; முளைகட்டும்போது சேர்ந்த நுண்ணுயிர்கள் அதனால் அழியும். கடலுக்கு அப்பால் நுரைப் பானமாகும் அதே முளை, நமது அடுப்படியிலே பிள்ளையின் உணவாகின்றது. எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதரின் தெரிவு.

என் மாணவருக்குப் பதில் எழுதிவிட்டேன். அளவோடு இருக்கும்படியும், அதனினும் மேலாக விட்டுவிடும்படியும் ஒரு பழைய ஆசிரியனுக்குரிய புத்திமதியைச் சேர்த்துக்கொண்டேன். அதற்கு மேலே முதல் வரியாக எழுதியது இது: "தம்பி, அன்று உங்களை உட்காரச் சொன்னது என் பிழை; கேள்வி சரியானது." நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய கேள்வி ஒன்றைக் கேட்டால், விடை தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். உட்கார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.